மஞ்சள் போர்டு மகாத்மியம்

தமிழின் முதல் சுங்கத்துறை நிருபர், சங்கப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பட்டினப்பாலைக்காகக் காவிரிப்பூம்பட்டினம் போனவர், மூட்டை மூட்டையாகப் புலி முத்திரை குத்தி அனுப்புவதைப் பார்த்து எழுதி வைத்தார். பெரும்பாணாற்றுப்படையில் தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்கு வழி சொல்லும்போதும் பழக்கம் விடவில்லை. மிளகுப் பொதி சுமந்து முதுகில் தழும்பேறிய கழுதைகள் காதைத் தூக்கிக்கொண்டு சாரிசாரியாக வருகின்றன. பெருவழியில் சுங்கம் உண்டு. வழி பிரியும் இடத்தில் வில்லோடு காவல் நிற்கிறது என்று குறித்துவைத்தார். பட்டினப்பாலைக்குப் பதினாறு லட்சம் பொன் பரிசு கிடைத்ததாகக் கலிங்கத்துப்பரணி சொல்கிறது. அதில் டி.டி.எஸ். பிடித்தார்களா என்று சொல்லவில்லை.

அந்தக் கழுதைகள் வேலப்பன்சாவடி வழியாகத்தான் போயின என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு இன்றைக்கும் இது ஒரு வழி. விஷயம் கழுதையைப் பற்றியது. அது அசல் ஆஃப்-ரோடு வண்டி. நான்கு காலும் இழுக்கும், கிரவுண்ட் கிளியரன்ஸ் தாராளம். பொதி ஏற்றினால் சரக்கு வண்டி. முதலாளி ஏறி உட்கார்ந்தால் சொந்த வண்டி. பாதி முதுகில் மிளகும் மீதி முதுகில் முதலாளியும் ஏறினால் அது எந்தக் கணக்கில் சேரும்? இதைப் பற்றி உருத்திரங்கண்ணனார் மூச்சு விடவில்லை. உலகத்து நிதியமைச்சர்கள் எல்லாரும் அதற்குத்தான் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நடுவில் முதலாம் குலோத்துங்கன் வந்தான். சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வாங்கினான். நல்ல மனிதன். அவன் பெயரை வானகரம் டோல்கேட்டில் சொல்லிப் பாருங்கள், ஃபாஸ்டேகில் பேலன்ஸ் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

அப்புறம் ஓர் எண்ணூறு வருஷம் எல்லாரும் மாட்டு வண்டியில் போனார்கள். கதையில் அடுத்த திருப்பம் 1945. இரும்பு வியாபாரத்துக்காக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் மஹிந்திரா அண்ட் முஹம்மது. அமெரிக்க ஜீப்பை இங்கே பூட்டி விற்கலாம் என்ற யோசனை சீக்கிரமே வந்தது. அதற்குள் தேசம் இரண்டானது. பங்குதாரர் குலாம் முஹம்மது பாகிஸ்தானுக்குப் போனார். போனவர் அங்கே என்ன ஆனார் தெரியுமா? அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர். ஜீப் கம்பெனிப் பெயரில் பாதி, வரி போடும் நாற்காலிக்குப் போய்விட்டது. 1948-ல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று பெயர் மாற்றிக்கொண்டது. அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்: வண்டிக்குப் பூசை போடும்போது இன்ஜினியர் படத்தோடு நிதியமைச்சர் படமும் வைக்கணும்.

1955 ஜனவரியில் நம்ம ஆவடிக்குக் காங்கிரஸ் மாநாடு வந்தது. நேரு வந்தார், சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். மாநாடு முடிந்து பந்தல் பிரித்தாயிற்று; பில் இரண்டு வருஷம் கழித்து வந்தது. நிகோலஸ் கால்டர் என்ற கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் யோசனை சொல்ல, நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1957-ல் சொத்து வரி, செலவு வரி இரண்டையும் கொண்டுவந்தார். சேர்த்து வைத்தாலும் வரி, செலவழித்தாலும் வரி. மதராஸ்காரர் மூளையே தனி.

செலவு வரி சீக்கிரம் செத்துப்போனது. சொத்து வரி 2015 வரைக்கும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. 1993-க்குப் பிறகு அதன் பட்டியலைச் சுருக்கினார்கள். சுருக்கியும் மோட்டார் கார் அதில் இருந்தது. வாடகைக்கு ஓடும் காருக்கு விலக்கு. அதாவது வாசலில் நிற்கும் கார் சொத்து, அதே காரை வாடகைக்கு விட்டால் பிழைப்பு. இதற்கும் ஒரு பெரியப்பா உண்டு. 1975 பிப்ரவரி 28-க்குப் பிறகு வெளிநாட்டுக் கார் வாங்கினால் வருமான வரியில் தேய்மானம் கழிக்க முடியாது என்று ஒரு விதி. சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு ஓட்டினால் கழிக்கலாம். 2001 மார்ச் வரைக்கும் அது உயிரோடு இருந்தது. அந்தக் கால்நூற்றாண்டும் இறக்குமதி பென்ஸ் கார் ஒன்று தேய வேண்டுமென்றால் உள்ளே ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்தாக வேண்டும். நாம் உட்கார்ந்தால் தேயாது.

நம்மைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி வெள்ளைக்காரனுக்கும் இல்லை. 1948-ல் லேண்ட் ரோவர் பிறந்தது. வயலுக்குப் போகிற வண்டி என்று அதற்குச் சலுகை. அதே வண்டியில் மரச்சட்டம் வைத்து, மெத்தை சீட் போட்டு ஸ்டேஷன் வேகன் ஆக்கினார்கள். உடனே அது சொந்தக் கார் ஆகிவிட்டது, கொள்முதல் வரி தலையில் விழுந்தது. எழுநூறுகூட விற்கவில்லை. கம்பெனிக்காரர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பன்னிரண்டு சீட் இருந்தால் அது பஸ், பஸ்ஸுக்கு அந்த வரி கிடையாது என்று ஒரு வரி கண்ணில் பட்டது. 1962-ல் பன்னிரண்டு சீட் லேண்ட் ரோவர் வந்தது. பத்து சீட் வண்டியைவிட விலை குறைவு, ஏழு சீட் குட்டி வண்டியைவிடவும் குறைவு. சீட் கூடக் கூட விலை இறங்கிய அதிசயம். பின்பக்கம் எதிரெதிர் பெஞ்சில் முழங்கால் முட்ட ஆறு பேர் உட்கார முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. நம்ம ஷேர் ஆட்டோக்காரரைக் கேட்டிருந்தால் பதினாறு என்றிருப்பார்.

அமெரிக்காக்காரன் கதை இன்னும் மோசம், அது கோழியில் தொடங்குகிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி மலிவாக ஐரோப்பாவில் போய் இறங்கியது. மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் கடுப்பாகி, கோழிக்கு வரியை ஏற்றிவிட்டன. பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் நாலு சாமான்களுக்கு 25 சதவீதம் இறக்குமதி வரி போட்டார்: உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சின்ன டிரக். கடைசிச் சாமான் ஃபோக்ஸ்வேகனுக்கு வைத்த குறி. சண்டை ஆறி, மற்ற மூன்றுக்கும் வரி போய்விட்டது. டிரக்குக்கு மட்டும் இன்னும் போகவில்லை. செத்த கோழிக்கு அறுபது வருஷமாகத் திவசம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஜப்பான்காரன் சுபாரு, பிராட் என்று ஒரு குட்டி வண்டி செய்தான். நான்கு சக்கரமும் இழுக்கும், பின்னால் திறந்த தொட்டி, சந்தேகமே இல்லாமல் பிக்கப். பிக்கப் என்று எழுதினால் 25 சதவீதம், கார் என்று எழுதினால் அதில் பத்தில் ஒரு பங்கு. என்ன செய்தான்? 1978-ல் அந்தத் திறந்த தொட்டிக்குள்ளேயே பின்னோக்கிப் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் சீட்டை வெல்டு வைத்து, கீழே ஒரு விரிப்பைப் போட்டு, "பாருங்க, பயணிகள் வண்டி" என்றான். மழையில் நனையலாம், பின்னால் வருகிற லாரிக்காரர் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு போகலாம். சுங்கத்துறை ஒத்துக்கொண்டது. ரொனால்டு ரீகன் தன் பண்ணையில் ஓட்டுவதற்கு அதில் ஒன்று வைத்திருந்தார் என்றால் பாருங்கள்.

ஃபோர்டு இதையே தலைகீழாகச் செய்தது. துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேனில் பின்சீட், பெல்ட் எல்லாம் மாட்டிக் கார் என்று சொல்லிக் கப்பலில் ஏற்றும். பால்டிமோர் துறைமுகத்தில் இறங்கியதும் அந்தச் சீட்டைக் கழற்றி, கிழித்து, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, சரக்கு வேனாக விற்கும். ஒரு மனிதனும் உட்காராத புத்தம் புது சீட்டுகள், கடல் தாண்டி வந்து குப்பைக்குப் போயின. அமெரிக்கச் சுங்கத்துறை ஒத்துக்கொள்ளவில்லை, விவகாரம் கோர்ட்டுக்குப் போய் இழுத்தது. 2024-ல் 365 மில்லியன் டாலர் கட்டி ஃபோர்டு சமாதானமானது. மறைமலைநகரில் சென்னைக்காரர்கள் ஃபோர்டு காருக்குச் சீட் மாட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அங்கே இந்தக் கூத்து.

விவசாயிக்கென்று கொடுத்த சலுகை எங்கே போய்ச் சேரும் என்பதற்கும் அமெரிக்காவில் சாட்சி உண்டு. 6,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தொழிலுக்கு வாங்கினால், காருக்கான கழிவுக் கட்டுப்பாடு கிடையாது என்று விதி. டிராக்டர் மாதிரி வண்டிகளை மனசில் வைத்து எழுதியது. 2003-ல் புஷ் அரசு ஒரே வருஷத்தில் கழிக்கக்கூடிய தொகையை ஒரு லட்சம் டாலராக உயர்த்தியது. ஹம்மர் எச்2 அந்த எடையைச் சுலபமாகத் தாண்டும். பல் டாக்டரும் வீட்டுத் தரகரும் ஹம்மரில் வேலைக்குப் போனார்கள். அடுத்த வருஷம் அக்டோபரில் அரசாங்கம் முழித்துக்கொண்டு எஸ்.யு.வி.க்கு 25,000 டாலர் என்று கடிவாளம் போட்டது. வேலப்பன்சாவடியில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே அப்படி எதுவும் நிற்கவில்லை, நான் பார்த்தேன்.

இனி நம்ம ஊர் மேதைக்கு வருவோம். இந்தியாவில் கார் டிசைன் செய்தவர்களில் தலைசிறந்தவர் யார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். என் ஓட்டு ப.சிதம்பரத்துக்கு. பென்சில் பிடிக்காமல், களிமண் தொடாமல், பட்ஜெட் உரை ஒன்றை வைத்தே காரைச் செதுக்கியவர் அவர்தான். 2006 பட்ஜெட்டில் சின்னக் காருக்குக் கலால் வரியை 24-லிருந்து 16 சதவீதம் ஆக்கினார். சின்னக் கார் என்றால் நீளம் நாலு மீட்டருக்குள், இன்ஜின் பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள். அவ்வளவுதான், நாடு முழுக்கக் கார்களுக்கு வால் அறுந்தது. இண்டிகோ குட்டையானது, டிசையர் குட்டையானது. டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் எட்டிப் பார்த்தால் அரை மூட்டை அரிசிக்கு இடம். ஸைலோவை வெட்டி 2012-ல் குவாண்டோ ஆக்கினார்கள். மலையும் காடும் ஏறிய பொலிரோவே 2016-ல் 3,995 மில்லிமீட்டர் ஆகிப் பவர் பிளஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது. உடம்பைக் குறைத்துவிட்டுப் பிளஸ் என்று பெயர் வைக்கிற துணிச்சலைப் பாராட்ட வேண்டும்.

2013 பிப்ரவரி 28-ல் அவரே இரண்டாவது உளியை எடுத்தார். எஸ்.யு.வி.க்கள் சாலையிலும் பார்க்கிங்கிலும் கூடுதல் இடம் அடைக்கின்றன, கூடுதல் வரி கட்டட்டும் என்று 27 சதவீதத்தை 30 ஆக்கினார். டாக்ஸியாகப் பதிவு செய்தால் இந்த உயர்வு கிடையாது. டாக்ஸி எஸ்.யு.வி. எப்படி இடத்தை அடைக்காமல் நிற்கும் என்பது செட்டிநாட்டுக் கணக்கு, நமக்கு எட்டாது. எஸ்.யு.வி. எது என்பதற்கு மூன்று லட்சணம்: நாலு மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சி.சி.க்கு மேல் இன்ஜின், 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் கிரவுண்ட் கிளியரன்ஸ். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். மஹிந்திராவின் எக்ஸ்யுவி500 தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. சில மாதத்தில் 160-க்கு இறங்கியது. பெயரில் எஸ்.யு.வி. வாசனை, உயரத்தில் சாதுக் கார். டெல்லியில் ஒருவர் குரலை உயர்த்தினால் மராட்டியத்தில் ஒரு வண்டி வயிற்றை இறக்குகிறது. மறு வருஷம் இடைக்கால பட்ஜெட்டில் அவரே வரியை 24 சதவீதத்துக்கு இறக்கிவிட்டார்.

அந்த மூன்று லட்சணத்தையும் நம்ம வட்டாரத்து உற்பத்தி ஒன்றுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வெளியே வந்த விஜயந்தா டாங்க். நீளம் நாலு மீட்டருக்கு மேல். இன்ஜின் பத்தொன்பது லிட்டர். வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 170 மில்லிமீட்டர் தாராளமாக உண்டு. மூன்றும் பாஸ். நாலு சீட், ஏசி கிடையாது. எஃப்.சி. காட்டவும் போனதில்லை, லைஃப் டாக்ஸும் கட்டியதில்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. எல்லாம் எளிமை என்றார்கள். இரண்டே மாதத்தில் எஸ்.யு.வி.க்கு 28-ம் அதன் தலையில் 22 செஸ்ஸுமாக 50 சதவீதம். சரக்கு வண்டிக்கு வெறும் 28. வித்தியாசம் 22. 2023 ஜூலையில் கவுன்சில் கூடி, கிரவுண்ட் கிளியரன்ஸை வண்டி காலியாக இருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்று விளக்கம் கொடுத்தது. நாலு தடி ஆட்களை உள்ளே உட்காரவைத்து யாரோ அளந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ல் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்கினார்கள்: பெரிய எஸ்.யு.வி.க்கு 40, சரக்கு வண்டிக்கு 18. கழித்துப் பாருங்கள், அதே 22. இதன் நடுவே 2023-லேயே தார் ஜீப்பில் 1,497 சி.சி. டீசல் இன்ஜினை வைத்து, நாலு சக்கர இழுவையைப் பிடுங்கிவிட்டு ஒன்று வந்தது. நீளமும் நாலு மீட்டருக்குள். இப்போது அதற்கும் 18 சதவீதம்தான். காட்டுக்குப் போகிற முகம், காட்டுக்குப் போகாத கால்.

ஆனால் அசல் சூட்சுமம் விகிதத்தில் இல்லை, திருப்பி எடுப்பதில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவுப்படி, டிரைவரையும் சேர்த்துப் பதிமூன்று பேர் வரை உட்காரும் பயணிகள் வண்டிக்கு, தொழிலுக்கே வாங்கினாலும், கட்டிய வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்க முடியாது. டாக்ஸி ஓட்டுபவர், கார் விற்பவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். எட்டு லட்ச ரூபாய் பிக்கப்புக்கு 1,44,000 ரூபாய் வரி கட்டினால் அவ்வளவும் கணக்கில் திரும்பி வரும். எட்டு லட்ச ரூபாய் காருக்குக் கட்டினால் தேசத்துக்கு நன்கொடை. அதுவும் போதாதென்று 2023 நவம்பரில் தமிழக அரசு காருக்கான லைஃப் டாக்ஸை உயர்த்தியது: பத்து லட்சத்துக்கு மேல் 18 சதவீதம், இருபதுக்கு மேல் 20. சரக்கு வண்டிக்கு விலையைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறார்கள்.

எனவேதான் வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாக நிற்கிறது அந்த வண்டி. டிஎன் 12, மஞ்சள் போர்டு, பொலிரோ கேம்பர். முன்னால் இரட்டை கேபின், ஐந்து பேர், ஏசி. பின்னால் தொட்டி. பம்பரில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும். தொட்டியில் மூன்று ஜாக்கி, சென்டரிங் தகடு, பாதி கிழிந்த சிமென்ட் மூட்டை, அதன் மேல் சுருட்டிய தார்ப்பாய். கேபினில் முருகர், இரண்டு மொபைல் சார்ஜர், பின்சீட்டில் பாப்பாவின் ஸ்கூல் ஷூ. அரை முதுகு மிளகு, அரை முதுகு முதலாளி.

வண்டிக்காரர் கட்டட கான்ட்ராக்டர். வாங்கும் முன்பு அவர் ஆடிட்டரிடம் உட்கார்ந்த கதையை ஊரே சொல்லும்.

"சார், தேய்மானம் லாரிக்கு முப்பது பர்சென்ட்னு சொன்னாங்களே?"

"வாடகைக்கு ஓட்டுற லாரிக்குப்பா. உன் சிமென்ட்ட நீயே ஏத்துனா பதினஞ்சுதான்."

"பக்கத்து சைட்டுக்கு ஒரு நடை வாடகைக்குப் போனா?"

"ஒரு நடை போனா வண்டி தேயாது, நான்தான் தேய்வேன்."

"பர்மிட்டு?"

"மொத்த எடை மூணு டன்னுக்குள்ள இருந்தா வேணாம்."

இந்தப் பதிலில் அவர் முகம் மலர்ந்தது. மீதியை ஆடிட்டர் சொல்லவில்லை, ரோடு சொல்லிக்கொடுத்தது. முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். எஃப்.சி.க்கு முந்தின வாரம் பெயின்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், ஹாரன் என்று வண்டி கல்யாணப் பெண் மாதிரி தயாராகும். எண்பதைத் தொட்டதும் ஸ்பீடு கவர்னர் கையைப் பிடித்துக்கொள்ளும். பெங்களூர் ரோட்டில் ஆல்ட்டோகூட ஹாரன் அடித்துத் தாண்டிப் போகும். டோல்கேட்டில் இது ஜீப் இல்லை, இலகு சரக்கு வண்டி. கார், ஜீப்புக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா, இலகு சரக்கு வண்டிக்கு 1.05 ரூபாய் என்று 2008 விதியிலேயே அடிப்படை போட்டுவிட்டார்கள். அதன் மேல்தான் வருஷா வருஷம் ஏற்றம். ஜி.எஸ்.டி.யில் மிச்சம் பிடித்ததை வானகரத்தில் சில்லறை சில்லறையாகத் திருப்பிக் கொடுக்கிறார். இன்ஷூரன்ஸும் சொந்தக் காரைவிடக் கூடத்தான்.

இன்ஷூரன்ஸ் என்றதும் மாமியார் விவகாரம் வந்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 147-ஆம் பிரிவை 1994-ல் திருத்தி, வண்டியில் வரும் சரக்கின் உரிமையாளரும் அவருடைய அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியும் காப்பீட்டுக்குள் வருவார்கள் என்று சேர்த்தார்கள். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகணும் என்று மாமியார் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளைக்குச் சட்டம் தெரியும். ஆடிட்டருக்குப் போன் போட்டார்.

"சார், அத்தை ஏறிட்டாங்க. தொட்டி காலி. கவர் ஆகுமா?"

"சரக்கு இல்லாம சரக்குக்குப் பிரதிநிதி எப்படிப்பா? ஏதாச்சும் ஏத்து."

காலங்காத்தாலே கடை திறந்திருக்கவில்லை. சைட்டிலிருந்து இரண்டு மூட்டை சிமென்ட்டைத் தூக்கித் தொட்டியில் போட்டு, டெலிவரி சலான் ஒன்று எழுதி, "அத்தை, யாராச்சும் நிறுத்திக் கேட்டா இதைக் காட்டுங்க, நீங்கதான் இந்தச் சிமென்ட்டுக்குப் பிரதிநிதி" என்று கையில் கொடுத்தார். அத்தை கண்ணாடியைப் போட்டு முழுசாகப் படித்தார்.

"மூட்டைக்கு என்ன ரேட்டு போட்டிருக்கீங்க மாப்ளே? உங்க மாமா வாங்குனதைவிட முப்பது ரூபா கூட இருக்கே. பிரதிநிதின்னு ஆனப்புறம் நான் கேக்கணுமில்ல."